மயிலாத்தாளின் வலது முழங்கால்

நீட்டிய கால் காற்றில் நடுங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு சாண் கீழே நாச்சிமுத்துவின் இரண்டு கைகளும் விரிந்து நிற்கின்றன, தொடக்கூடாது, தொட்டால் அந்தத் தடவை சேர்த்தியில்லை என்று பிசியோதெரபிப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், தொடாமலும் இருக்க முடியவில்லை, கைகளைக் காலருகே கொண்டுபோவதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதுமாக இருக்கிறார், எதிரே மர நாற்காலியில் அவர் மனைவி மயிலாத்தாள், அறுபத்திரண்டு வயது, நாற்காலியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது காலை நேராக நீட்டிப் பிடித்திருக்கிறாள், கணுக்காலில் ஒரு துணிப்பை, பைக்குள் அரைக்கிலோ உப்புப் பாக்கெட், ஐந்து எண்ணும்வரை இறக்கக்கூடாது, எண்ண வேண்டியது அவர் வேலை, ஒண்ணுரெண்டுமூணு என்று ஒரே மூச்சில் ஓடி அவர் நாலுக்கு வந்துவிட்டார், அஞ்சு, போதும், எறக்கு என்கிறார், ஏனுங்க, மில்லுல சங்கு ஊதிட்டாங்களா, எதுக்கு இந்த ஓட்டம் ஓடறீங்க என்கிறாள் மயிலாத்தாள் காலை இறக்காமலே, மறுக்காவும் எண்ணுங்க, மொள்ள எண்ணுங்க. அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று இத்தனை வயதுக்கு அவருக்குத் தெரியாது, அவள் நெற்றியில் வேர்வை பூக்கிறது, மூன்று, முட்டிக்குள் கடக் என்று ஒரு சத்தம், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

அந்தச் சத்தம்தான் அவரைக் கொல்கிறது. நீளும்போது கடக், மடங்கும்போது நறநற, அவள் காதுக்கே எட்டாத சத்தம் அது, ஆனால் முப்பத்துநாலு வருஷம் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவருக்குக் கேட்காமல் போகுமா, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் நாற்பதும் ஒன்றாக ஓடும் இரைச்சலில், பக்கத்தில் நின்று கத்தினாலும் வாயசைவை வைத்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள முடியும் என்கிற இரைச்சலில், பதினேழாம் நம்பர் மிஷினில் பேரிங் போகப்போகிறது என்று காதை வைத்துச் சொன்னவர் அவர், சொன்ன மறுநாளே அது போகும், மில்லில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தக் காதுக்கு இருந்த மரியாதைதான். பேரிங் கத்த ஆரம்பித்துவிட்டால் ஓட்டக்கூடாது, ஓட்ட ஓட்ட அது தன்னையும் தின்று ஷாஃப்டையும் தின்றுவிடும், உற்பத்தி போகிறதே என்று மேஸ்திரி தாம்தூம் என்று குதிப்பார், குதிக்கட்டும், புது பேரிங் வரும்வரை மிஷின் நின்றாக வேண்டும், அந்த விஷயத்தில் நாச்சிமுத்து யாருக்கும் மசிந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முட்டியில தேய்மானம் ஆரம்பிச்சிருக்குதுங்க, மாத்திரை எழுதித் தர்றேன், வலி குறையற வரைக்கும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, அப்பறம் பயிற்சி பண்ணோணும், நடந்து பழகோணும் என்று சொல்லிக்கொண்டே போனார், தேய்மானம் என்று காதில் விழுந்ததுமே நாச்சிமுத்துவுக்கு உள்ளே திக்கென்றது, ரெஸ்ட் என்பது மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது, அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. இதற்கு ஸ்டோரில் மாற்று பேரிங் கிடையாது, இருப்பது இந்த ஒரு ஜோடிதான், ஓட்டாமல் வைத்திருந்தால்தான் கடைசிவரை வரும் என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு கட்டிவிட்டார், வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, இனிமேல்ட்டு நீ ஒண்ணும் பண்ணக்கூடாது அம்மிணி, நான் இருக்கறேன் என்றார்.

என்ன அழகாகச் சொன்னேன் என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறார். அந்த வாரமே வாசல் கூட்டும் வேலையை வாங்கிக்கொண்டார், அடுத்த வாரம் பாத்திரம், அப்புறம் துணி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படியே அவர் கைக்கு வந்தது, ஆரம்பத்தில் ரசத்தில் புளியும் மிளகும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, ஆறு மாதத்தில் அரிசிம்பருப்புச் சாதம் அவள் கைப்பக்குவத்துக்கே வந்துவிட்டது என்று பெங்களூரிலிருந்து வந்த மகள் பூவிழியே சொன்னாள். குளியலறையில் ஒரு ஸ்டூல், பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒரு ஸ்டூல், எங்கே நின்றாலும் உடனே உட்காருவதற்கு ஒன்று, அதுவும் போதாது என்று, பழைய இரும்புக் கடையில் கிடந்த ஆபீஸ் நாற்காலியிலிருந்து சக்கரங்களைக் கழற்றி வந்து, அவள் வழக்கமாக உட்காரும் மர நாற்காலியின் கால்களில் இரும்புப் பட்டை வைத்துப் பொருத்தி, நாலு சக்கரத்துக்கும் கிரீஸ் அடித்து, அவளை உட்காரவைத்து ஹாலிலிருந்து அடுப்படிவரை ஒரு தள்ளு தள்ளினார், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று நாற்காலி, அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள், மயிலாத்தாக்கா, நீங்க குடுத்து வெச்சவிங்க, எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதே, தண்ணி குடிச்ச சொம்பை நகத்தி வெக்காது என்றார்கள், மயிலாத்தாள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, ரிட்டயர் ஆனபிறகு வந்த வருஷங்கள் எப்படிப் போயின என்றே அவருக்கு நினைவில்லை, இந்த நாற்காலி செய்த நாள் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, டீக்கடையில் நாலு பேரிடம் தானாகப் போய்ச் சொன்னார், எத்தனை அடி நடை மிச்சம், ஒரு நாளைக்கு இத்தனை என்றால் ஒரு வருஷத்துக்கு எத்தனை, முட்டிக்கு ஆயுசு எவ்வளவு கூடும் என்று.

மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று என்பது இந்தத் தையில், பொங்கல் கழிந்த நாலாம் நாள் தெரிந்தது. குளியலறையில் ஸ்டூல் லேசாகச் சரிந்து, மயிலாத்தாள் தரையில் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள், விழுந்தாள் என்று கூடச் சொல்ல முடியாது, அடியில்லை, எலும்பு முறிவில்லை, எழுந்தால் போதும், எழத்தான் முடியவில்லை, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், அவள் கால்கள் தரையில் ஊன்றவே இல்லை, இரண்டும் அவளுடையவை அல்ல என்பது போலக் கிடந்தன, நீயும் கொஞ்சம் தம் கட்டு அம்மிணி என்கிறார், கட்டறனுங்க, கால் கேக்க மாட்டீங்குதுங்க என்கிறாள், ஈரத்தில் அவருக்கும் கால் வழுக்கிற்று, அறுபத்தாறு வயது, மூச்சு வாங்கிற்று, தண்ணீர் சொட்டச் சொட்ட முக்கால் மணி நேரம் இருவரும் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அப்புறம்தான் வெட்கத்தை விட்டு அவள் மேல் ஒரு சேலையைச் சுற்றிவிட்டு, பக்கத்து வீட்டுத் தறிக்காரரையும் அவர் மருமகனையும் கூப்பிட்டார், அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கிவிட்டார்கள், அவள் அழவில்லை. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், அந்த அம்மாள் புது எக்ஸ்ரேவையும் மூன்று வருஷப் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்துப் பார்த்துவிட்டு, மூட்டு பெரிசா மாறலைங்க, கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்குது என்றார், நாச்சிமுத்துவுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது, பார்த்தாயா, ஓட்டாமல் வைத்ததன் பலன் என்று, டாக்டரம்மாள் எக்ஸ்ரேவை விட்டுவிட்டு மயிலாத்தாளின் தொடையை இரண்டு விரலால் அழுத்தினார், இங்க பாருங்க, சதையே இல்லை, முட்டியைத் தாங்கறதே இந்தச் சதைதான், எத்தனை நாளா நடக்காம இருக்காங்க, யார் நடக்க வேண்டாம்னு சொன்னது. நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தார். மயிலாத்தாள், நானாத்தான் சோம்பேறித்தனமா உக்காந்துட்டனுங்க என்றாள். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கலாம், சதை ஏறினால் நடப்பார்கள், வலியும் குறையும், இப்படியே விட்டால் கட்டிலோடு போய்விடும், ஆபரேஷன் என்று போனாலும் இந்தக் காலை வைத்துக்கொண்டு எழுந்து நடக்கப் படாதபாடு பட வேண்டும் என்று டாக்டரம்மாள் சொன்னார், இந்தத் தடவை ஒரு சொல்கூடக் காதிலிருந்து உதிரவில்லை, கட்டிலோடு என்பது உள்ளே போய் ஆணி அடித்ததுபோல உட்கார்ந்துவிட்டது, அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளை யார் தூக்குவார்கள்.

சிந்தியா என்ற அந்தப் பிசியோதெரபிப் பெண் மறுவாரம் வீட்டுக்கு வந்தாள், வாரத்துக்கு இரண்டு நாள், ஸ்கூட்டியில் வருவாள், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். முதல் நாள் நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், இது யாருங்க சார் பண்ணினது என்றாள், நான்தான் என்றார் நாச்சிமுத்து, பழக்கதோஷத்தில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது, நெம்ப நல்லா இருக்குதுங்க, இன்னிக்கே சக்கரத்தைக் கழட்டிருங்க என்றாள் அவள். ஸ்பானர் எடுத்துவந்து, அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றினார், நாலாவது சக்கரம் மட்டும் மரை பிடித்துக்கொண்டு வருவேனா என்றது. கையைக் கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எந்திரிங்க அம்மா, முப்பது செகண்டுல எத்தனை தடவை முடியுதுன்னு பார்க்கலாம் என்றாள் சிந்தியா, மயிலாத்தாள் முன்னால் சாய்ந்தாள், பின்னால் போனாள், மறுபடி சாய்ந்தாள், முப்பது செகண்டும் அதிலேயே போயிற்று, பின்பக்கம் நாற்காலியை விட்டு நாலு விரல்கூட எழவில்லை, சிந்தியா நோட்டில் பூஜ்யம் என்று எழுதினாள், நாச்சிமுத்து அந்தப் பூஜ்யத்தைத் தன் பேருக்குப் போட்டதாகவே எடுத்துக்கொண்டார். மெத்தை வைத்து நாற்காலியை உயரமாக்கி எழுந்து உட்காருவது, உட்கார்ந்து காலை நீட்டுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, ஹாலுக்குள் நடப்பது, எல்லாம் இவ்வளவுதான், பண்ணும்போது வலிக்குமுங்களா என்று அவர் கேட்டார், வலிக்கும் சார், பூஜ்யத்துல இருந்து பத்துக்கு எவ்வளவுன்னு அம்மாகிட்டக் கேளுங்க, நாலு அஞ்சு வரைக்கும் பரவாயில்லை, அடுத்த நாள் காத்தால வலி பழையபடி எறங்கிருக்கோணும், எறங்கிட்டா ஒண்ணும் கெட்டுப்போகலைன்னு அர்த்தம், எறங்கலைன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம், நிறுத்தக்கூடாது. அப்ப அந்தச் சத்தம் என்றார். எந்தச் சத்தம் என்றாள் அவள். முட்டிக்குள்ளே என்று ஆரம்பித்து, மில், ரிங் ஃபிரேம், பேரிங், ஷாஃப்ட் என்று அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள், சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது சார், என் முட்டியிலயும் வருது என்று உட்கார்ந்து எழுந்து காட்டினாள், பேரிங் நிக்க வெச்சா அப்படியே இருக்கும், முட்டியை நிக்க வெச்சா அதுக்குச் சாப்பாடே போகாது, அசைஞ்சாத்தான் அது பொழைக்கும்.

தலை ஒத்துக்கொண்டது, காது ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் அவள் கண் விழிக்கும் முன்பே விழித்து, இன்றைக்கு வலி எத்தனை என்று சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், மூணுங்க என்பாள், நேற்றும் மூன்றுதான், ஆனால் நேற்றைய மூன்றும் இன்றைய மூன்றும் ஒரே மூன்றுதானா, எனக்காகக் குறைத்துச் சொல்கிறாளா, வெள்ளிக்கிழமை ஆறு என்று ஒரு முனகல் கேட்டதே, அது கனவிலா. மத்தியானம் கண்ணசந்தால் மில்லுக்குள் நிற்கிறார், நாற்பது ஃபிரேமும் நின்றிருக்கின்றன, ஸ்டோர் ஜன்னலில் சாமான் கேட்டு எழுதிய இன்டென்ட் சீட்டை நீட்டுகிறார், முழங்கால் வலது ஒன்று என்று எழுதியிருக்கிறது, ஸ்டோர்க்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இந்த மாடல் நின்னுபோச்சுங்க, யார் உங்களை இதை ஓட்டாம வெக்கச் சொன்னது என்கிறார், அதே கேள்வி, விழித்தால் ஹாலில் டக் டக்கென்று அவள் குச்சி ஊன்றி நடக்கும் சத்தம், கனவு எது வீடு எது என்று பிரிவதற்குள் எழுந்து ஓடுகிறார், எதுக்குங்க ஓடியாறீங்க, நாலு நடை நடக்கறேன் என்கிறாள். பயம் அவரைத் திருட்டு வேலைக்கும் தள்ளிவிட்டது, ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே தாவாகத் தாவியது போதாதென்று, ஒரு நாள் உப்புப் பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை ஜாடியில் கொட்டிவிட்டு, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டார், பத்து நாள் யாருக்கும் தெரியாது, பதினோராம் நாள் சிந்தியா பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள், இது அரைக்கிலோ இல்லீங்களே என்றாள், நாச்சிமுத்து மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார், மயிலாத்தாளுக்கு வந்த கோபத்தை அவர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை, நான் பாட்டுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டிருக்கறேன், நீங்க உப்பைக் கொட்டி வெச்சிருக்கறீங்க, என்ற காலு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா என்று கத்தினாள், சிந்தியா அவரைத் தனியாக வாசலுக்குக் கூட்டிவந்து, தப்பா நெனைக்காதீங்க சார், அம்மா நல்லாப் பண்றாங்க, உங்களுக்குத்தான் நெம்பப் பயம், அவங்க எந்திரிக்கறப்ப உங்க கையைப் பின்னால கட்டிக்கோங்க என்றாள். அன்று முதல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நின்றார், இந்தக் காலை நீட்டும் பயிற்சிக்கு மட்டும் அவர் கைகள் சொன்னதைக் கேட்பதில்லை. பூஜ்யம் இரண்டானது, நாலானது, ஒன்பதாவது வாரம் ஏழு, ஏழாவது முறை எழுந்து நின்றபோது மயிலாத்தாள் உட்கார மறந்து அப்படியே நின்றாள், ஒசரமா இருக்குதுங்க என்றாள்.

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலைப் பயிற்சி முடித்து, வலி மூணு என்று கேட்டு வைத்துக்கொண்டு, நாச்சிமுத்து முக்குக் கடைக்குப் போனார், கறிவேப்பிலை, கொத்தமல்லி, அரைக்கிலோ உப்பு, போன கால் திரும்புவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. அடுப்படியில் இல்லை, கட்டிலில் இல்லை, நாற்காலியில் சாத்தி வைத்திருந்த குச்சியும் இல்லை, குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது, அதைப் பார்த்ததும் மயிலா, மயிலா என்று தள்ளினார், கதவு சுவரில் போய் மோதிற்று, உள்ளே தரை காய்ந்து கிடக்கிறது, வாளி கிடக்கிறது, ஆள் இல்லை, அடுத்த வீட்டில் பூட்டு தொங்குகிறது, தெருவில் அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார், ஒரு பால் வண்டி, ஒரு நாய், எங்கே போயிருப்பாள், யார் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போயிருப்பார்களோ, கால் மணி நேரத்தில் இவ்வளவும் நடக்குமா, நடக்கும், கால் நொடியில் நடக்கும் என்று அவருக்குத் தெரியும், கறிவேப்பிலை கையிலேயே கசங்கிக்கொண்டிருந்தது. அப்போது தலைக்கு மேலே உதறுகிற சத்தம் கேட்டது, ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்துப் படாரென்று உதறுகிற சத்தம், மொட்டை மாடியில், பதினாறு படிக்கு மேலே.

வெளிப்புறப் படிக்கட்டு, ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், எட்டு படி ஏறினால் ஒரு திருப்பம், அப்புறம் எட்டு, அவர் கீழ்ப்படிக்கு வந்து சேர்ந்தபோது அவள் உச்சிப் படியில் நின்றிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையில் குச்சி, ஒரு கை சுவரில், வெயில் முகத்தில். அங்கியே நில்லுங்க என்றாள். அவர் நிற்கவில்லை, இரண்டிரண்டு படியாக ஏறித் திருப்பத்துக்கு வந்துவிட்டார், யாரைக் கேட்டு ஏறினே, விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும், நான் இல்லாத நேரத்துல என்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார், நீங்க இருந்தா ஏற உட்ருப்பீங்களா என்றாள், ரெண்டரை வருசமா என்ற பாவாடையெல்லாம் ரோட்டைப் பாத்துக் காயப்போட்டிருக்கறீங்க, சேலையை ரெண்டா மடிச்சுப் போட்டா உள்மடி காயாதுன்னு நூறு தடவ சொல்லியாச்சு, இன்னிக்கு ஈரத்தோட தோள்ல போட்டுக்கிட்டு ஏறி நானே காயப்போட்டுட்டேன், போய்ப் பாருங்க, துணி போடறதுன்னா அப்படித்தான். ஏறிவிட்டாள், இறங்க வேண்டுமே, ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் மேலே வரக் காலெடுத்தார், வேண்டாமுங்க, அந்தப் பொண்ணு சொல்லியிருக்குது, ஏறும்போது நல்ல காலு மொதல்ல, எறங்கும்போது வலிக்கற காலு மொதல்ல, நீங்க ஒரு படி கீழ நின்னுக்குங்க, புடிக்க மட்டும் புடிக்காதீங்க என்றாள், அவர் அவளுக்கு ஒரு படி கீழே வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்கினார், அவள் வலது காலைக் கீழே வைக்கிறாள், முட்டி ஒரு ஆட்டம் ஆடுகிறது, இடது கால் வந்து சேர்கிறது, ஒரு படி, மறுபடியும் வலது கால், கடக், அந்தச் சத்தம் இப்போது அவருக்குக் கேட்கிறதா இல்லையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது, இரண்டு, ஐந்து, ஏழு, எட்டு, திருப்பத்துக்கு வந்ததும் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

வலி எவ்வளவு என்றார். ஆறு இருக்கும் என்றாள், உண்மையைச் சொன்னாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவரைப் பார்க்காமல், கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும், சொன்னா வையக்கூடாது, அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட நானாத்தான் உக்காந்தேன்னு சொன்னனே, அது உங்களைக் காப்பாத்தச் சொன்னதில்லீங்க, நெசம். மொத ஆறு மாசம் வலி உசுரு போச்சு, அப்பறம் அவ்வளவு இல்லீங்க, எந்திரிச்சு நடந்திருப்பேன். அப்புறம் எதுக்கு உக்காந்தே என்றார் நாச்சிமுத்து. நீங்க ரிட்டயர் ஆகி வூட்டுக்கு வந்தப்பறம் எப்புடி இருந்தீங்கன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஷூவைப் போட்டுக்கிட்டு வாசக் கேட்டுக்கிட்டப் போயி உக்காந்துக்குவீங்க, எங்கேன்னு கேட்டா ஒண்ணுமில்லேம்பீங்க, சோத்தைப் போட்டா பெசைஞ்சுக்கிட்டே இருப்பீங்க, அஞ்சு வருசம் என்ற கூட அஞ்சு வார்த்தை பேசியிருப்பீங்களா, ஒரு நாள் கெணத்து மேட்டுல நெம்ப நேரம் நின்னீங்க, நான் பின்னால வந்து நின்னது உங்களுக்குத் தெரியாது. என்ற முட்டி வந்ததுக்கப்பறம்தான் நீங்க மறுபடியும் மனுசனா ஆனீங்க, அந்தச் சேருக்குச் சக்கரம் வெச்சு முடிச்சுட்டு என்ற மூஞ்சியப் பாத்தீங்க பாருங்க, அந்தச் சிரிப்பை நான் நீங்க ரிட்டயர் ஆகறதுக்கு முன்னால பாத்தது, அந்த மூஞ்சிக்கு முன்னால எந்திரிச்சு எப்புடிங்க நடக்கறது, கொஞ்ச நாளைக்கு உக்காந்துக்கலாம்னு உக்காந்தேன், அப்பறம் எந்திரிக்கலாம்னு பாத்தா காலு கேக்கலை.

நாச்சிமுத்துவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, ஏன் சொல்லலை என்று கேட்க வாயெடுத்தார், சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார், ஷூவைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசல் கேட்டுக்குப் போயிருப்பார், இவளை நான் நிறுத்தி வைத்தேன் என்று பதினோரு வாரமாகச் செத்துக்கொண்டிருந்தாரே, நின்றுபோகாமல் காப்பாற்றப்பட்டது யார், கிணற்று மேட்டில் நின்றது அவருக்கு நினைவிருந்தது, பின்னால் ஆள் நின்றது இப்போதுதான் தெரிகிறது, ஒரு முழங்காலையா கொடுத்து ஒருத்தி ஒருத்தனைப் பிடித்து வைப்பாள் என்று நினைத்தார், பின்னால் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்து கொண்டன, எதைப் பிடிப்பதென்று தெரியாமல் தொங்கின. இனிமேல்ட்டு நான் நடந்துருவேன், எல்லா வேலையும் பண்ணிக்குவேன், நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் இப்ப எனக்குப் பயம் என்றாள் மயிலாத்தாள். தெரியலை அம்மிணி என்றார் அவர், உண்மையிலேயே தெரியவில்லை, அந்தப் பயம் இப்போது அவருக்கும் வந்துவிட்டது. வாங்க, மொதல்ல எறங்கலாம் என்று அவள் குச்சியைச் சுவர்ப்பக்கக் கைக்கு மாற்றிக்கொண்டாள். மிச்சம் எட்டு படி, அவர் முன்பக்கமாகத் திரும்பி இறங்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு படியும் படியின் நிழலும் ஒன்றாகத் தெரிந்தன, முப்பது வருஷம் ஏறி இறங்கிய படி, ஆறாவதில் அவர் தடுமாறினார், முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து தாங்கிற்று, அவளுடைய கை, பாத்து, அவசரமில்லீங்க, கடைசிப் படி கொஞ்சம் ஒசரம் என்றாள். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும் என்று அவர் நின்றார்.